நட்டையும் போல்ட்டையும் சேர்த்து வச்சவர்

நீங்க குஜிலியம்பாறை ஹார்டுவேர் கடையில ஒரு 8 எம்.எம். போல்ட் வாங்குங்க. அதுக்கான நட்டை திண்டுக்கல்ல வாங்குங்க. ரெண்டும் சேரும். 1790-கள்ல லண்டன்ல இதை எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டும். மெஷினைக் கழட்டினா எந்த நட்டு எந்த போல்ட்டுக்குன்னு அடையாளம் போட்டு வைக்கணும். கலந்துட்டா திண்டாட்டம்தான்.

இந்தக் குழப்பத்தை தன் பட்டறையை விட்டு விரட்டினவர் ஹென்றி மாட்ஸ்லி. மெக்கானிக்கல் பசங்க லேத் பாடத்துல இவர் பெயரை ஒரு வரியில கடந்து போயிருப்பீங்க.

1771-ல வூல்விச்ல பிறந்தார். 12 வயசுல அங்கிருந்த ஆயுதச் சாலையில தோட்டாவுக்கு மருந்து நிரப்புற வேலை. பிறகு தச்சுப் பட்டறை, அதுக்கப்புறம் கொல்லுப் பட்டறை. காலேஜ் பக்கமே போகல. 18 வயசுல ஜோசஃப் பிராமா என்ற பூட்டுக்காரர்கிட்ட சேர்ந்தார். பிராமா ஒரு பூட்டைக் கடை ஜன்னல்ல வச்சு, சாவி இல்லாம திறந்தா 200 கினி பரிசுன்னு அறிவிச்சார். 1851 வரைக்கும் யாராலயும் திறக்க முடியல. அதைச் செஞ்சது மாட்ஸ்லி. பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்காரங்களுக்கு இதோட அருமை தெரியும்.

வாரம் 30 ஷில்லிங் சம்பளம் குடும்பத்துக்குப் பத்தல. உயர்த்திக் கேட்டார், கிடைக்கல. 1797-ல வெளியே வந்து சொந்தமா சின்னப் பட்டறை போட்டார்.

அதுவரை லேத்துல பெரும்பாலும், மரக்கடைசல் மாதிரியே, உளியைக் கையில பிடிச்சுத்தான் கடைவாங்க. இவர் உளியை இரும்புத் தாங்கியில பூட்டி, அது நகர ஒரு வழிகாட்டித் திருகும் பல்சக்கரங்களும் வச்சார். இதனால ஒரே மரையை எத்தனை தடவை வேணும்னாலும் வெட்ட முடிஞ்சது. பிறகு ஒவ்வொரு சைஸுக்கும் இதுதான் மரைன்னு முடிவு பண்ணி, அதுக்கான டேப், டை செட்டுகளை வரிசையா செஞ்சு வச்சார். வேலையாட்கள் மேஜையில, மட்டம் சரிபார்க்கத் தட்டையான உலோகப் பலகையும் வச்சிருந்தார்.

போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்துக்கு மரக் கப்பி செய்யுற 45 மெஷின்களைச் செஞ்சு கொடுத்ததும் இவர்தான். டிசைன் மார்க் புரூனலோடது. 110 பேர் செஞ்ச வேலையை 10 பேர் செஞ்சாங்க. மத்த 100 பேர் கதி என்னன்னு நீங்களும் யோசிப்பீங்க. ஆட்டோமேஷன் பத்தி நாம இன்னைக்குக் கேட்கிற அதே கேள்விதான்.

1831-ல இறந்தார். அவர்கிட்ட வேலை பார்த்த ஜோசஃப் விட்வொர்த், நாடு முழுக்க ஒரே மரை இருக்கணும்னு 1841-ல முன்வச்சார். பழைய மெஷின்ல இன்னைக்கும் விட்வொர்த் மரை கண்ணுல படும். எம்.எம். நட்டை அதுல வலுக்கட்டாயமா ஏத்தினா மரை போயிடும்.

அதனால வீட்டுல ஒரு சின்னப் பட்டறை வச்சிருக்கீங்கன்னா, ப்ராஜெக்ட் தொடங்கும் முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. மரை அளவுக்கு ஒரு டப்பான்னு பிரிச்சு, மேல சைஸ் எழுதுங்க. கடைசல் உளிகளைத் தனித்தனியா மாட்டுங்க, முனை ஒண்ணோட ஒண்ணு மோதக் கூடாது. ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரி ஒரு நட்டைத் தேடும்போது மாட்ஸ்லியை நினைச்சுக்குவீங்க.