கடைசிப் பக்கம் முடியும் வரை: பண்டிதா ரமாபாய் அம்மையார்

மும்பையிலிருந்து புனே வழியாகச் சென்னைக்குப் போகும் ரயில், தவுண்டை நெருங்குமுன் கேட்காவ் என்ற சிறிய நிலையத்தைக் கடந்து செல்லும். ஊருக்குப் போகிற நம்மவர்கள் அதைக் கவனிப்பதில்லை. அந்தக் கேட்காவில்தான் பண்டிதா ரமாபாய் அம்மையார் வாழ்ந்து, உழைத்து, உயிர் துறந்தார். அதே பாதையில் இன்னும் போனால் ராய்ச்சூர் வரும். பிறகு திருப்பதிக்குப் பிரியும் ரேணிகுண்டா வரும். அம்மையார் தாயையும் தந்தையையும் பறிகொடுத்தது அந்தப் பக்கங்களில்தான்.

பஞ்சத்தில் அநாதை

1858 ஏப்ரல் 23-ல் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் ரமாபாய் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய சமஸ்கிருத பண்டிதர். பெண்களுக்கு அந்த மொழி ஆகாது என்று ஊரார் எதிர்த்தும், மனைவி லட்சுமிபாய்க்கு அதைக் கற்பித்தார். தாய் மகளுக்குக் கற்பித்தார். கோயில் கோயிலாக நடந்து, புராணம் வாசித்து அந்தக் குடும்பம் பிழைத்தது.

அன்றைய சென்னை ராஜதானியைப் பஞ்சம் பிடித்தது. கையிலிருந்த காசு தீர்ந்தது. திருப்பதி அருகே காட்டில் 11 நாட்கள் தண்ணீரும் இலையுமே ஆகாரம். முதியவரான தந்தை அதற்குப் பின் தாங்கவில்லை. சாகுமுன் இளைய மகளை அணைத்துக்கொண்டு, அவளைக் கடவுளின் கையில் ஒப்படைப்பதாகவும், வாழ்நாள் முழுவதும் அவருக்கே அவள் ஊழியம் செய்யவேண்டும் என்றும் சொல்லிப் போனார். அப்போது ரமாபாய்க்கு 16 வயது.

சில மாதங்களில் தாயும் போனார். பாடை தூக்க ஆள் இல்லை. இரக்கப்பட்டு இருவர் வந்தார்கள். அண்ணன் ஸ்ரீநிவாசன் மூன்றாவது ஆள். நான்காவதாக ரமாபாயே தோள் கொடுக்க வேண்டியிருந்தது. குள்ளமானவர் என்பதால் தோளுக்கு எட்டாமல் தலையில் சுமந்தார். பிறகு அக்காளும் மறைந்தார்.

அண்ணனும் தங்கையும் நாடெங்கும் நடந்து 1878-ல் கல்கத்தா சேர்ந்தார்கள். அங்குள்ள பண்டிதர்கள் அவரது புலமையைக் கண்டு வியந்து ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்ற பட்டங்களை அளித்தார்கள். 1880-ல் அண்ணன் மறைந்தார். அவ்வாண்டே வங்காள வக்கீல் பிபின் பிஹாரி தாஸை ரமாபாய் சாதி கடந்து மணந்தார். 1882 பிப்ரவரியில் காலரா அவரையும் கொண்டு போயிற்று. கையில் மனோரமா என்ற பச்சைக் குழந்தை. 24 வயது நிறைவதற்குள் ஐந்து சாவுகள்.

புது வழி

1883-ல் இங்கிலாந்து சென்றார். லண்டனில், வழி தவறிய பெண்களைக் கிறிஸ்தவக் கன்னியர்கள் அருவருப்பின்றி அரவணைத்ததைப் பார்த்தார். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, சமாரியப் பெண்ணிடம் இயேசு பேசிய கதையை அவருக்கு வாசித்துக் காட்டினார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் மகளோடு ஞானஸ்நானம் பெற்றார். ஆனாலும் மனம் அமைதி அடையவில்லை. ஒரு மதத்தில் சேர்ந்தோமே தவிர இரட்சகரைக் கண்டடையவில்லை என்று பல ஆண்டுகள் தவித்தார். 1891 வாக்கில்தான் அந்தத் தவிப்பு தீர்ந்தது. அதன்பின் அரை மனதாக எதையும் செய்யவில்லை.

1889-ல் பம்பாயில் விதவைப் பெண்களுக்காக ‘சாரதா சதன்’ தொடங்கி, மறு வருடம் பூனாவுக்கு மாற்றினார். அம்மையாரின் ஜெபத்தில் சில பெண்களும் வந்து அமர்ந்ததால் 1893-ல் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. ஆதரவாளர்கள் விலகினார்கள். பலர் தங்கள் பெண்களைக் கூட்டிச் சென்றார்கள். அம்மையார் தமது ஜெப அறைக் கதவை மூடவில்லை.

பசித்தவருக்குத் தெரியும் பசி

1896-ல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் என்ற செய்தி வந்தது. காட்டில் இலை தின்ற நாட்கள் நினைவுக்கு வந்தன. கையில் பணம் இல்லாதபோதும் புறப்பட்டார். சுமார் 300 பெண்களைக் காப்பாற்றிக் கொண்டுவந்தார். பூனாவில் பிளேக் பரவியிருந்ததால் புதிதாக வந்தவர்களை அங்கே வைக்க அதிகாரிகள் விடவில்லை. கேட்காவில் வாங்கிப் போட்டிருந்த நிலத்தில் கூடாரம் அடித்தார். அதுதான் ‘முக்தி’. 1900-ல் குஜராத் பஞ்சத்திலிருந்தும் பெண்கள் வந்தார்கள். ஏறத்தாழ 2,000 பேர் அங்கே உண்டு, படித்து, நெசவும் தையலும் அச்சு வேலையும் கற்றார்கள்.

கடைசி வேலை

அன்றிருந்த மராத்தி வேதாகமம் கிராமத்துப் பெண்களுக்குப் புரியவில்லை. சமஸ்கிருதக் கடலான அம்மையார், படிப்பில்லாத பெண்ணுக்கும் விளங்கும் எளிய மராத்தியில் அதை முழுவதும் மொழிபெயர்க்கத் துணிந்தார். அதற்காக எபிரேயமும் கிரேக்கமும் படித்தார். அப்போது வயது 45-ஐத் தாண்டியிருந்தது. காதும் சரியாகக் கேட்காது. பல ஆண்டுகள் அந்த வேலை நடந்தது. எழுத்துக் கோத்து அச்சடித்தவர்கள் முக்திப் பெண்களே.

1921 ஜூலையில் இடி விழுந்தது. தமக்குப் பின் முக்தியை நடத்துவாள் என்று நம்பியிருந்த ஒரே மகள் மனோரமா 40 வயதில் இறந்தாள். தாயின் உடலும் தளர்ந்தது. ஆனாலும் அச்சுப் பிழை திருத்தும் மேஜையை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை. முடிவு நெருங்கியதை அறிந்து, மீதிப் பக்கங்களைப் பார்த்து முடிக்கப் பத்து நாட்கள் மட்டும் தரும்படி கடவுளிடம் வேண்டினார் என்றும், பத்தாம் நாள் வேலை முடிந்தது என்றும் அவரது வரலாற்றை எழுதியவர்கள் கூறுவார்கள். 1922 ஏப்ரல் 5-ல் உறக்கத்தில் உயிர் பிரிந்தது.

பதினாறு வயதில் தந்தை கேட்டுக்கொண்ட ஊழியத்தை, அறுபத்து மூன்றில் கண் மூடும் வரை அவர் செய்தார். அடுத்த முறை ஊருக்குப் போகையில், புனே தாண்டியதும் ஜன்னல் பக்கம் சிறிது பாருங்கள். கேட்காவ் வரும்.