வேலை போன இடத்தில் ஒரு தூக்கணாங்குருவி: பறவை மனிதர் சலீம் அலியின் கதை

1930ஆம் ஆண்டு ஜெர்மனியிலிருந்து பம்பாய் திரும்பிய சலீம் அலிக்கு ஒரு செய்தி காத்திருந்தது. அவர் வேலை பார்த்த அருங்காட்சியகத்தில் அவருடைய பதவியே இப்போது இல்லை. நிதி இல்லை என்று எடுத்துவிட்டார்கள். வயது 33. மனைவி இருக்கிறார். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. அவருக்கு நன்றாகத் தெரிந்த தொழில் பறவை பார்ப்பது. அதற்கு அந்தக் காலத்தில் யார் சம்பளம் கொடுப்பார்கள்?

வேறு வேலை அமையவில்லை. கணவனும் மனைவியும் பம்பாய்த் துறைமுகத்துக்கு அக்கரையில் இருந்த கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபோனார்கள். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலை இல்லாத மனிதர் உட்கார்ந்து அவற்றைப் பார்க்கத் தொடங்கினார். பின்னாளில் இந்தியாவின் பறவை மனிதர் என்று ஊரே கொண்டாடிய சலீம் அலிக்குப் பறவையியல் உலகில் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தக் குருவிகள்தான்.

சலீம் அலி 1896 நவம்பர் 12ஆம் தேதி பம்பாயில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தை போனார், மூன்று வயதில் தாயும் போனார். பிள்ளைகள் எல்லாரையும் தாய்மாமன் அமீருதீன் தியாப்ஜியும் அவர் மனைவி ஹமீதா பேகமும் எடுத்து வளர்த்தார்கள். அவர்களுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. கேத்வாடி என்ற பகுதியில் இருந்த அந்த வீடு மாமன், அத்தை, அக்காள், அண்ணன் என்று எப்போதும் நிறைந்திருக்கும் வீடு.

அந்த வயதில் பையன் பறவைகளை ரசித்ததாக நினைத்துவிட வேண்டாம். சுட்டுக்கொண்டிருந்தான். கையில் சின்னக் காற்றுத் துப்பாக்கி, குறி பெரும்பாலும் சிட்டுக்குருவி.

அப்படிச் சுட்டதிலும் ஒரு சங்கதி இருந்தது. குதிரை லாயத்துச் சுவரில் ஒரு பொந்து. உள்ளே பெண் குருவி முட்டையில் உட்கார்ந்திருந்தது. வெளியே ஓர் ஆணியில் ஆண் குருவி காவல். பையன் வண்டிக்குப் பின்னால் மறைந்திருந்து ஆணைச் சுட்டான். கொஞ்ச நேரத்தில் அதே ஆணியில் இன்னோர் ஆண் வந்து உட்கார்ந்தது. அதையும் சுட்டான். மறுபடியும் ஒன்று வந்தது. ஏழு நாளில் எட்டு ஆண் குருவிகள் போயின. ஒவ்வொரு முறையும் புதிய மாப்பிள்ளை வந்து காவலுக்கு நின்றது. பத்து வயதை ஒட்டிய பையன் இதையெல்லாம் குறிப்பாக எழுதி வைத்தான். செய்தது கொடுமை, எழுதி வைத்தது அருமை என்றுதான் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் அவரே அந்தக் குறிப்பைத் தேடியெடுத்து வெளியிட்டார்.

இன்னொரு நாள் விழுந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது வேறு குருவியாயிற்றே, ஒரு முஸ்லிம் இதைச் சாப்பிடலாமா என்ற சந்தேகத்தோடு மாமனிடம் கொண்டுபோனான். மாமனுக்கும் தெரியவில்லை. அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் உறுப்பினர். கழகத்தின் செயலாளராக இருந்த மில்லர்ட் என்ற ஆங்கிலேயருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

வெள்ளைக்காரத் துரையின் அறைக்குள் தனியாக நுழைய அந்தப் பையன் எவ்வளவு தயங்கியிருப்பான் என்பது தோட்டத்தில் துரைமார் காலத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும். மில்லர்டோ விரட்டவில்லை. குருவியைப் பார்த்ததும் அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். பிறகு பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை எடுத்துக் காட்டினார். படிக்கப் புத்தகம் கொடுத்தார், பறவையின் தோலை உரித்துப் பாதுகாக்கக் கற்றுக் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார். அது 1908ஆம் ஆண்டு. சாப்பிடலாமா என்று கேட்கப் போன பையனுக்கு அங்கே வாழ்நாள் முழுவதுக்குமான வேலை கிடைத்துவிட்டது. சம்பளம்தான் கிடைக்கவில்லை.

படிப்பு சரியாக ஓடவில்லை. கல்லூரியில் முதல் ஆண்டே தடுமாறி, பாதியில் விட்டுவிட்டுப் பர்மாவுக்குக் கப்பல் ஏறினார். நம்மவர்களும் ஆயிரக்கணக்கில் பிழைக்கப் போன அதே பர்மாதான். தவோய் பகுதியில் குடும்பத்தாருக்கு வுல்ஃப்ராம் சுரங்கத் தொழிலும் மரத் தொழிலும் இருந்தன. அங்கே அவர் கணக்கைப் பார்த்ததைவிடக் காட்டைப் பார்த்ததுதான் அதிகம். 1917இல் திரும்பிவந்து, காலையில் ஓரிடத்தில் வணிகக் கல்வி, பிறகு புனித சேவியர் கல்லூரியில் விலங்கியல் என்று இரண்டையும் படித்தார். அந்தப் படிப்பு பட்டம் ஆகவில்லை. 1918இல் உறவுக்காரப் பெண் தெஹ்மினாவை மணந்தார்.

இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் பதவி ஒன்று இருந்தது. பட்டம் இல்லை என்பதால் அது அவருக்குக் கிடைக்கவில்லை. 1926இல் பம்பாய் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தில் வருபவர்களுக்கு விளக்கம் சொல்லும் விரிவுரையாளர் வேலை அமைந்தது. மாதம் 350 ரூபாய். இரண்டு ஆண்டில் சலித்துப்போய், விடுப்பு எடுத்துக்கொண்டு பெர்லினுக்குப் போனார். அங்கே எர்வின் ஸ்ட்ரெஸ்மன் என்ற பெரிய பறவையியலாளர் இருந்தார். பாடம் செய்த பறவையை அளந்து பெயர் வைப்பதோடு பறவையியல் முடிந்துவிடாது, உயிரோடு இருக்கும் பறவை என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்ற புதுக்காற்று அப்போது ஜெர்மனியில் வீசிக்கொண்டிருந்தது. பறவையின் காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டு, அது போகும் வழியைக் கண்டறியும் முறையையும் அவர் அங்கேதான் நேரில் பார்த்தார்.

அந்தப் படிப்பை முடித்துக்கொண்டு வந்தபோதுதான் வேலை போயிருந்தது.

மழைக்காலம்தான் தூக்கணாங்குருவிக்குக் கூடு கட்டும் காலம். அப்போது ஆணின் தலையும் மார்பும் மஞ்சள் பூசியதுபோல் மின்னும். மலேசியாவிலும் இது இருக்கிறது. மலாய்க்காரர்கள் தெம்புவா என்பார்கள். ஏதோ காரணம் இல்லாமல் தெம்புவா தாழ்வாகக் கூடு கட்டாது என்ற மலாய்ப் பழமொழியைப் பள்ளியில் படிக்காதவர்கள் குறைவு. தமிழ்நாட்டிலிருந்து வந்த பெரியவர்கள் வேறு கதை சொல்வார்கள். மழையில் நனைந்த குரங்குக்குப் புத்தி சொல்லப்போய்க் கூட்டைப் பறிகொடுத்த குருவி இதுதான். மின்மினியைப் பிடித்துக் களிமண்ணில் ஒட்டி விளக்கு வைக்கும் என்றும் சொல்வார்கள். கூட்டுக்குள் களிமண் இருப்பது உண்மை. விளக்கு மட்டும் கற்பனை.

கூட்டின் அழகைப் பார்க்காதவர் இல்லை. ஆனால் அந்தக் கூட்டுக்குள் நடக்கும் குடித்தனத்தைப் பொறுமையாகப் பார்த்தவர் அதுவரை அரிது. ஒரு மரத்தில் முழுக் கூடுகளோடு பாதிக் கூடுகளும் தொங்குமே, அவை எதற்கு? ஆண் ஒதுங்கவும் உறங்கவும் தனியாகக் கட்டிக்கொண்டவை என்று பலரும் நம்பினார்கள். ஓர் ஆண், ஒரு பெண், ஒரு கூடு, வாசலில் கணவனுக்கு ஒரு திண்ணை என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

கிஹிமில் சலீம் அலி நாள்தோறும் பார்த்தது வேறு. ஆண் குருவி மட்டுமே நெய்கிறது. புல்லிலோ ஓலையிலோ விளிம்பில் ஒரு வெட்டுப் போட்டு, கிழித்து இழுத்து, நார் எடுத்து வருகிறது. முதலில் கிளையில் முடிச்சு, பிறகு ஒரு வளையம், பிறகு கவிழ்த்த தொப்பிபோல் ஒரு கூரை. அந்த நிலைக்கு வந்ததும் பெண் குருவிகள் கூட்டமாக வருகின்றன. ஆண்கள் கூட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு சிறகடித்துக் கத்துகின்றன. பெண் உள்ளே போகிறது, உட்கார்ந்து பார்க்கிறது, நாரைக் கொத்தி இழுத்துப் பார்க்கிறது. கட்டின வீட்டுக்கு எட்டு வக்கணை என்பது இங்கே அப்படியே நடக்கிறது. பிடிக்கவில்லை என்றால் போய்விடுகிறது. யாருக்கும் பிடிக்காத வீடு பாதியில் தொங்குகிறது. ஆண் உறங்கக் கட்டியது என்று நினைத்த பாதிக் கூடுகளின் கதை இதுதான்.

பிடித்துவிட்டால் பெண் அங்கேயே தங்கிவிடுகிறது. ஆண் அவசரமாக முட்டை அறையையும் கீழ்நோக்கிய நீண்ட வாசல் குழாயையும் கட்டி முடிக்கிறது. பெண் முட்டையிட்டு அடைகாக்க உட்காரும்போது ஆண் என்ன செய்கிறது தெரியுமா? பக்கத்திலேயே அடுத்த கூட்டுக்கு முடிச்சுப் போடத் தொடங்குகிறது. அதற்கு அடுத்த பெண் வருகிறது. அது அடைகாக்க உட்கார்ந்தால் மூன்றாவது கூடு. அடைகாப்பது பெண்ணின் பாடு, குஞ்சு வளர்ப்பதும் பெரும்பாலும் அதன் பாடுதான். எத்தனை கூட்டுக்குப் பெண் சம்மதிக்கிறதோ அத்தனை குடும்பம் ஆணுக்கு. ஒரே பருவத்தில் ஒன்றன்பின் ஒன்றாக.

ஏழு நாளில் எட்டு மாப்பிள்ளைகளை எண்ணிய பையனும் இந்தக் கூடுகளை எண்ணிய மனிதரும் ஒருவரேதான். இம்முறை துப்பாக்கி தேவைப்படவில்லை. பார்த்ததை எழுதி, 1931இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். தூக்கணாங்குருவியைப் பற்றிப் பேசும் எவரும் இன்றும் அந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

கிஹிமுக்குப் பிறகு சில மாதங்கள் அவர் இருந்தது தமிழகத்தில், நீலகிரியின் கோத்தகிரியில். முதல் உலகப் போரில் பணியாற்றி ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவர் ஒருவர் அழைத்திருந்தார். அதற்குள் பிழைப்புக்கும் ஒரு வழி தெரிந்தது. சமஸ்தானங்களில் என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்று கணக்கெடுத்துத் தருவார். கூலி வேண்டாம், முகாம் செலவையும் பயணச் செலவையும் கொடுத்தால் போதும். ஹைதராபாத்தில் தொடங்கி, கொச்சி, திருவிதாங்கூர் என்று ஆண்டுக்கணக்கில் கூடாரமும் மாட்டுவண்டியுமாக வாழ்க்கை போனது. நகரத்துச் சொகுசில் வளர்ந்த தெஹ்மினா அந்தக் கூடாரங்களில் உடன் இருந்தார்.

1939இல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பின் தெஹ்மினா இறந்துபோனார். சலீம் அலி நொறுங்கிப்போனார். பிள்ளைகள் இல்லை. மறுமணம் செய்துகொள்ளவில்லை. சகோதரி காமுவின் வீட்டில் போய்த் தங்கிக்கொண்டார்.

இரண்டு ஆண்டு கழித்து, 1941இல், அவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய புத்தகம் வெளிவந்தது. அதற்கு முன்பும் பறவை நூல்கள் இருந்தன. ஆனால் முற்றத்தில் வந்து உட்காரும் பறவையின் பெயர் தெரியாத சாதாரண மனிதர் படம் பார்த்துக் கண்டுபிடிக்க உதவும் நூல் இதுதான். மைனா, தையல்சிட்டு, குயில், குண்டுக்கரிச்சான் எல்லாம் அதில் உண்டு. குண்டுக்கரிச்சான் என்பது மலேசியக் கம்பங்களில் விடியற்காலையில் பாடும் அதே முராய்தான். டேராடூன் சிறையிலிருந்த ஜவஹர்லால் நேரு இந்தப் புத்தகத்தை நைனி சிறையிலிருந்த மகள் இந்திராவுக்கு அனுப்பினார். பிற்காலத்தில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை அணைக்குப் பலிகொடுக்க வேண்டாம் என்று சலீம் அலி முதலானோர் போராடியபோது, பிரதமர் நாற்காலியில் இருந்தவர் அந்த மகள். காடு தப்பியது.

மனிதர் குனிந்த தலையோடு குறிப்பெழுதும் பேராசிரியர் அல்ல. மோட்டார் சைக்கிள் பைத்தியம். ஹார்லி டேவிட்சன் மட்டும் மூன்று வகை வைத்திருந்தார். 1950இல் சுவீடனில் உலகப் பறவையியல் மாநாடு நடந்தபோது, தம்முடைய சன்பீம் வண்டியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் ஐரோப்பாவைச் சுற்றினார். பிரான்சில் ஒரு சிறு விபத்து, ஜெர்மனியின் கல் பாவிய சாலைகளில் பல முறை விழுந்தெழுதல். மூட்டை முடிச்சோடு மாநாட்டு வாசலில் போய் இறங்கியவரைப் பார்த்து, இந்தியாவிலிருந்தே ஓட்டி வந்துவிட்டார் என்று பேச்சு பரவியது. அப்போது அவருக்கு வயது 53.

ஒன்றை மறைக்கக் கூடாது. பறவைகளைக் காப்பாற்றப் பாடுபட்ட இவர், ஆய்வுக்காகக் கணக்கற்ற பறவைகளைச் சுட்டவரும்கூட. கையில் எடுத்துப் பார்க்காமல் இனங்களைப் பிரித்தறிய முடியாது என்பது அன்றைய பறவையியலின் முறை. கடைசிவரை அவர் அதற்காக வருந்தவில்லை. இன்றைய பறவை ஆர்வலர்கள் சிலருக்கு அது நெருடும்.

பட்டம் இல்லை என்று ஒதுக்கப்பட்டவரைத் தேடிப் பல்கலைக்கழகங்களின் டாக்டர் பட்டங்கள் வந்தன. 1958இல் பத்ம பூஷண், 1976இல் பத்ம விபூஷண். அமெரிக்கரான டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து எழுதிய பறவைக் களஞ்சியம் பத்துத் தொகுதிகள். பரிசாக வந்த பெரும்பணத்தை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார். 1985இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு தன் வரலாறும் வெளிவந்தது. அதன் தலைப்பிலும் ஒரு சிட்டுக்குருவி விழுகிறது. தேனி மாவட்டத்து மேகமலையில் பிடிபட்ட அரிய பழந்தின்னி வௌவால் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டியிருக்கிறார்கள். கோயம்புத்தூர் அருகே ஆனைகட்டியில் அவர் பெயரில் பறவையியல் ஆய்வு மையமும் இருக்கிறது.

1987இல், 90 வயதில் சலீம் அலி காலமானார். ஓர் ஆசை மட்டும் மிச்சம் இருந்தது. இமயமலைச் சரிவுகளில் 1876க்குப் பிறகு யாரும் உறுதியாகக் காணாத மலைக்காடை என்ற பறவையை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று பல ஆண்டுகள் தேடினார். அது அவர் கண்ணில் படவில்லை. இன்றுவரை யார் கண்ணிலும் பட்டதாக உறுதியான செய்தி இல்லை.