அக்பர் பாதுஷாவின் நீதி

நாடு பிடித்துப் பெயர் பெற்ற அரசர் பலர். தம் குடிகளின் துயரறிந்து சட்டத்தைத் திருத்தியவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் மொகலாயச் சக்கரவர்த்தி அக்பர். அவருடைய போர்களை விடுத்து, அவர் செய்த சட்டத் திருத்தங்களையே ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

அக்பர் 1542 ஆம் ஆண்டு அக்டோபர் 15 ஆம் நாள் சிந்து நாட்டு உமர்கோட்டிற் பிறந்தார். தந்தையாகிய ஹுமாயூன் அப்பொழுது அரசிழந்து அலைந்துகொண்டிருந்தார். 1556 இல் தந்தை இறக்கவே, அக்பர் 13 ஆம் வயதில் அரியணை ஏறினார். அவர் எழுதப் படிக்கக் கற்றிலர்; ஆயினும் நூல்களைப் பிறர் படிக்கக் கேட்டு அறிவை வளர்த்துக்கொண்டார்.

போரில் தோற்றோரின் மனைவி மக்களை அடிமைகளாக்குதல் அக்காலத்து வழக்கம். 1562 இல் அக்பர் அதனை விலக்கி ஆணையிட்டார். அப்பொழுது அவருக்கு வயது 19. நம் கல்லூரி மாணவர் பலருடைய வயதே அது. மறு ஆண்டு மதுராவின் அருகே தங்கியிருந்தபோது, அங்கு வரும் யாத்திரிகரிடம் வரி வாங்கப்படுவதை அறிந்தார். இறைவனை நாடி வருவோரிடம் பொருள் பறித்தல் முறையன்றெனக் கருதி, நாடெங்கும் அவ்வரியை நீக்கினார்.

தைப்பூசக் காலத்தில் எம் ஊராகிய ரெட்டியார்சத்திரத்தின் வழியே பழனிக்கு நடந்து செல்லும் அடியாரைக் கண்டோர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். தலைக்கு இத்துணைப் பணமென்று கேட்டு அவர்களை வழியில் நிறுத்தினால், கையிற் காசில்லாத ஏழை பாதி வழியிலேயே திரும்ப நேருமன்றோ? அக்பரின் ஆட்சி நம் திண்டுக்கல் வரை எட்டவில்லை. எனினும் அந்நீதி எந்நாட்டிற்கும் பொதுவானது.

1564 இல் அவர் ஜிஸியாவையும் ஒழித்தார். இஸ்லாமியரல்லாதார் மீது மட்டும் விதிக்கப்பட்ட தலைவரி அது. அரசின் வருவாய் குறைந்தது. குடிகளுள் ஒரு சாராரைத் தாழ்த்திவைத்த அடையாளமும் அதனோடு மறைந்தது.

ஆயினும் அவர் வாழ்வில் மாசு இல்லையென்று கூறுதற்கில்லை. 1568 இல் சித்தூர்க் கோட்டை வீழ்ந்தபின், அவர் ஆணையால் அங்கிருந்தோர் பெருந்தொகையினராகக் கொல்லப்பட்டனர். மாண்டவர் 30,000 பேர் என்று அவருடைய அவைக்களத்து அபுல் பஸலே எழுதிவைத்துள்ளார். நீதியை விரும்பிய அவ்வுள்ளத்திலேயே அக்கொடுமையும் குடிகொண்டிருந்ததை நாம் மறைத்தலாகாது.

1575 இல் பதேபூர் சிக்ரியில் சமய வாதங்களுக்கென ஒரு மண்டபம் கட்டுவித்தார். முதலில் இஸ்லாமிய அறிஞரும், பின்னர்ப் பிற சமயத்தாரும் அங்கு வாதித்தனர். 1580 இல் கோவாவிலிருந்து சென்ற இயேசு சபைக் குருமாரும் அவருள் அடங்குவர். இதற்கு முன்னரே, 1579 இல், அறிஞர் தம்முள் மாறுபடுமிடத்து முடிவு கூறும் உரிமை அரசருக்குண்டென அவர்கள் கையொப்பமிட்ட ஓர் ஆவணத்தையும் அக்பர் பெற்றிருந்தார்.

1582 இல் தம் அரண்மனை அடிமைகளை விடுவித்தார். 1583 இல், கணவனை இழந்த ராஜபுத்திரப் பெண் ஒருத்தியை அவள் விருப்பமின்றியே உடன்கட்டையேற்ற உறவினர் முயல்வதைக் கேட்டு, தாமே குதிரையேறி விரைந்து சென்று காத்தார். ஆணுக்கு 16, பெண்ணுக்கு 14 வயதாகுமுன் மணம் செய்தலாகாதெனவும் விதித்தார்.

1605 இல் அக்பர் ஆக்ராவில் காலமானார். அவர் ஒழித்த ஜிஸியாவை 1679 இல் அவருடைய கொள்ளுப்பேரன் ஔரங்கசீப் மீண்டும் விதித்தார். ஓர் அரசர் அருளாற் கொடுத்ததை மற்றோர் அரசர் ஆணையால் எடுத்துக்கொண்டார்; குடிகளுக்கோ அதனைத் தடுக்க வழியொன்றும் இல்லை. அக்பரின் பெருமையையும் அவர் செய்தவற்றின் குறையையும் ஒருங்கே காட்டுவது இதுவேயாம்.

1950 இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, சட்டத்தின்முன் சமத்துவத்தையும் சமய உரிமையையும் ஆள்வோர் அருளாக விடாது, குடிகள் வழக்குமன்றத்திற் கேட்டுப் பெறும் உரிமையாக்கியுள்ளது. அவ்வுரிமையைக் கற்றறிதலும், பிறர்க்கு அது மறுக்கப்படுமிடத்து வாளாவிராமையும் கல்வி பெறும் நம் கடனாகும்.