கிராணியாக நுழைந்த விடுதிக்கே அதிபரானவர்

ஜொகூர் பாருவின் தங்கும் விடுதிகளிலும், பாலம் கடந்து சிங்கப்பூர் விடுதிகளிலும் நம் இளைஞர்கள் பணிபுரிகின்றனர். வரவேற்பு மேசையிலும் சமையற்கூடத்திலும் தொடங்கும் அவ்வேலையைச் சிறிதென எண்ணும் பெற்றோரும் நம்மிடையே உளர். அத்தகையோர் மோகன் சிங் ஓபராயின் வரலாற்றை அறிதல் நலம்.

இன்று பாகிஸ்தானில் உள்ள பௌன் என்னும் சிற்றூரில் 1898 ஆகஸ்டு 15ஆம் நாள் அவர் பிறந்தார். ஆறாம் மாதத்திலேயே தந்தையை இழந்தார். வறுமையால் கல்லூரிப் படிப்பு இடையில் நின்றது. உறவினரின் காலணித் தொழிற்சாலையில் கிடைத்த வேலையும், அத்தொழிற்சாலை மூடப்பட்டதால் நிலைக்கவில்லை. ஊரில் பிளேக் நோய் பரவவே, 1922இல் சிம்லாவுக்குச் சென்றார். அங்கு அரசாங்க வேலைக்கான தேர்விலும் வெற்றி கிட்டவில்லை.

வேலை தேடி அலைந்தவர், புகழ்பெற்ற செசில் விடுதியில் மாதம் 50 ரூபாய் சம்பளத்தில் கிராணியாகச் சேர்ந்தார். கணக்கெழுதுவதோடு நில்லாமல், விடுதித் தொழிலின் ஒவ்வொரு துறையையும் முயன்று கற்றார். அவருடைய உழைப்பைக் கண்ட மேலாளர் கிளார்க், பின்னர்த் தாம் ஏற்று நடத்திய சிறிய விடுதிக்கு அவரையும் உடன் அழைத்துச் சென்றார்.

1934இல் கிளார்க் அவ்விடுதியை விற்க முன்வந்தார். ஓபராயிடம் போதிய பணமில்லை. மனைவி இஷ்ரான் தேவியின் நகைகளையும் தம் உடைமைகளையும் அடகு வைத்து அதனை வாங்கினார். தொழில் நொடித்திருந்தால் குடும்பமே தெருவில் நின்றிருக்கும். ஆயினும் தாம் நன்கறிந்த தொழில் என்ற துணிவே அவரை வழிநடத்தியது.

அடுத்த சோதனை கல்கத்தாவில் காத்திருந்தது. 500 அறைகள் கொண்ட கிராண்ட் விடுதி, தொற்றுநோயால் உயிரிழப்பு நேர்ந்து, நாடுவாரின்றி மூடிக் கிடந்தது. 1938இல் ஓபராய் அதனைக் குத்தகைக்கு எடுத்தார். இரண்டாம் உலகப்போரின்போது படைவீரர்கள் தங்கும் இடமாக அது மாறவே, தொழில் செழித்தது. 1943இல், செசில் உள்ளிட்ட பல விடுதிகளை நடத்திய நிறுவனத்தின் பெரும்பங்குகளை வாங்கினார். கிராணியாக நுழைந்த அதே விடுதி, 21 ஆண்டுகளில் அவர் கைக்கு வந்தது.

1965இல் புதுடில்லியில் நவீன ஐந்து நட்சத்திர விடுதியைத் திறந்தார். மறு ஆண்டே விடுதி மேலாண்மைப் பயிற்சிப் பள்ளியையும் நிறுவினார். தாம் தட்டுத்தடுமாறிக் கற்றதை அடுத்த தலைமுறை முறையாகப் பயில அது வழிவகுத்தது. இந்திய நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் உறுப்பினராக இருந்தார். 2001இல் பத்மபூஷண் விருது பெற்றார். 2002 மே 3ஆம் நாள், 103ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

நகையை அடகு வைத்ததால் மட்டும் அவர் உயர்ந்துவிடவில்லை. அதற்கு முந்திய 12 ஆண்டுகள் அடிப்படியில் நின்று தொழிலைக் கற்றதே அத்துணிவுக்கு முதலாயிற்று. முதல் சம்பளம் குறைவென்று நல்ல வேலையை உதறும் முன், நம் பிள்ளைகள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.