தேர்வும் அதன் பொறுப்பும்: உஸாமா பின் ஸைத் (ரலி) வாழ்க்கை தரும் பாடம்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அன்பிற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! நன்மை எது, தீமை எது என்று காட்டி, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் அல்லாஹ் மனிதனுக்குக் கொடுத்திருக்கிறான். அந்த உரிமை இருப்பதால்தான் மறுமையில் கேள்வி கணக்கும் இருக்கிறது. இதை நம் பிள்ளைகளுக்கு எப்படிப் புரிய வைப்பது? உஸாமா (ரலி) அவர்களின் வாழ்க்கையைப் பாருங்கள்.

அவருடைய தந்தை ஸைத் பின் ஹாரிஸா (ரலி) சிறு வயதில் கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்டவர். பெற்ற தந்தை அவரைத் தேடி மக்காவுக்கு வந்தபோது, யாருடன் இருப்பது என்ற முடிவை நபி (ஸல்) அவர்கள் ஸைதிடமே விட்டார்கள். அவர் நபியவர்களையே தேர்ந்தெடுத்தார். தாயார் உம்மு அய்மன் (ரலி), நபியவர்களைச் சிறு வயதில் பராமரித்தவர். உஸாமாவை ஒரு தொடையிலும் பேரர் ஹஸனை மறு தொடையிலும் அமர்த்திக் கொள்ளும் அளவுக்கு நபியவர்கள் அவரை நேசித்தார்கள்.

அந்த நேசம், தவறைக் கண்டுகொள்ளாமல் விடும் நேசம் அல்ல.

ஒரு படைப்பிரிவில் உஸாமா சென்றிருந்தபோது, எதிரி ஒருவர் பிடிபடும் நேரத்தில் கலிமா சொன்னார். உடனிருந்த அன்ஸாரித் தோழர் கையை நிறுத்திக் கொண்டார். உஸாமா ஈட்டியால் குத்திக் கொன்றுவிட்டார். இருவரும் ஒரே வார்த்தையைத்தான் கேட்டார்கள். ஆனால் இருவரின் தேர்வும் வேறு. செய்தி நபியவர்களுக்கு எட்டியது. உயிருக்குப் பயந்துதான் அவர் கலிமா சொன்னார் என்று உஸாமா காரணம் கூறினார். அது ஏற்கப்படவில்லை. கலிமா சொன்ன பிறகுமா கொன்றாய் என்று நபியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அன்றுதான் தாம் இஸ்லாத்தைத் தழுவியிருக்கக் கூடாதா என்று உஸாமா ஏங்கும் அளவுக்கு அந்தக் கேள்வி அவரை உலுக்கியது.

ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியின்போது மக்ஸூமிக் குலப் பெண் ஒருவர் திருடிவிட்டார். பரிந்து பேச உஸாமாவை அனுப்பினார்கள். நபியவர்களின் முகம் மாறியது. சட்டத்தின் முன் தம் மகளுக்கும் சலுகை இல்லை என்று தெளிவாக அறிவித்தார்கள். உஸாமா தம் தவறை உணர்ந்து, தமக்காகப் பாவமன்னிப்புத் தேடும்படி வேண்டிக் கொண்டார்.

பெருமக்களே! இத்தனைக்குப் பிறகும் நபியவர்கள் உஸாமாவை ஒதுக்கவில்லை. ஹிஜ்ரி 11இல் ஷாம் நோக்கிச் செல்லும் படைக்கு, இருபது வயதை ஒட்டிய அவரையே தளபதியாக்கினார்கள். உமர் (ரலி) போன்ற மூத்தவர்களும் அந்தப் படையில் இருந்தார்கள். சிலர் குறை பேசியபோது, அவர் தலைமைக்குத் தகுதியானவர் என்று நபியவர்களே எடுத்துச் சொன்னார்கள். நபியவர்களின் வஃபாத்துக்குப் பின் அந்தப் படையை அனுப்பி வைத்த அபூபக்ர் (ரலி), வாகனத்தில் அமர்ந்திருந்த உஸாமாவுடன் நடந்தே சென்று வழியனுப்பினார்கள்.

பல ஆண்டுகளுக்குப் பின் முஸ்லிம்களுக்கிடையே போர் மூண்டது. உஸாமா வாளை எடுக்கவில்லை. அலி (ரலி) அவர்கள் மீது அவருக்குப் பெரும் அன்பு இருந்தது. ஆனாலும் கலிமா சொன்னவரின் மீது ஆயுதம் ஏந்துவதில்லை என்ற முடிவில் உறுதியாக நின்றார். அன்று கேட்ட கேள்வி அவர் உள்ளத்தில் கடைசிவரை இருந்தது.

நாம் என்ன செய்கிறோம்? நம் பிள்ளை இன்னொரு பிள்ளையை அடித்துவிட்டு வந்தால், அவனுக்காக நாமே சாக்குச் சொல்கிறோம். அல்லது, நீ உருப்படமாட்டாய் என்று முத்திரை குத்திவிடுகிறோம். முதலாவது, செயலுக்கு விளைவு உண்டு என்பதை மறைக்கிறது. இரண்டாவது, திருந்தும் வாசலை அடைக்கிறது. செய்ததை அவனே உணரும்படி கேளுங்கள். மன்னிப்புக் கேட்க அவனையே அனுப்புங்கள். பிறகு, அவனை நம்பி ஒரு பொறுப்பையும் கொடுங்கள்.

தங்கள் செயலுக்குத் தாங்களே பொறுப்பேற்கும் ஸாலிஹான சந்ததிகளை வல்ல ரஹ்மான் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.