தலையைக் காத்த டாக்டர்

எங்கள் மேல்மலையனூரில் அமாவாசை ராத்திரி அங்காளம்மன் ஊஞ்சல் பார்க்க வருகிற கூட்டத்தில் பாதி பைக்கில்தான் வரும். நம் வகுப்புத் தோழன் ஒருவனும் அப்படித்தான் வந்தான், வீடு திரும்பலை. அவன் ஹெல்மெட் வீட்டு ஆணியில் தொங்கிக்கிட்டிருந்தது. அதனால்தான் மலருக்கு எழுதச் சொன்னதும் டாக்டர் ஹியூ கெய்ர்ன்ஸ் நினைவுக்கு வந்தார்.

1896-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அமெரிக்காவில் ஹார்வி குஷிங்கிடம் மூளை அறுவை சிகிச்சை கற்றார். 1935 மே மாதம், 'அரேபியாவின் லாரன்ஸ்' எனப் பேர் வாங்கிய டி.ஈ. லாரன்ஸ், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்க்க வந்த டாக்டர்களில் கெய்ர்ன்ஸும் ஒருவர்.

பின்பு உலகப் போர் வந்தது. முதல் 21 மாதத்தில் பிரிட்டனில் மோட்டார் சைக்கிளில் போய் இறந்தவர்கள் 2,279 பேர் என்று கணக்குக் காட்டினார். ஹெல்மெட் போட்டு அடிபட்டவர்களில் ஏழு பேர்தான் அவர் கவனத்துக்கு வந்தார்கள். ஏழு பேரும் பிழைத்தார்கள். 1941-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். அந்த நவம்பரிலேயே ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. போர்முனைக்கே நடமாடும் மூளை அறுவை சிகிச்சைக் குழுக்கள் போகவும் வழி செய்தார்.

1952-ல் காலமானார். பிரிட்டனில் பொதுமக்களுக்குச் சட்டம் வந்தது 1973-ல்தான். அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கலை.

நமக்கும் சட்டம் இருக்கு. ஆணியில் தொங்குறதை எடுத்துப் போடணும், அவ்வளவுதான். பின்னால் உட்காருகிறவருக்கும் ஒன்று வாங்கிடுங்க. அடுத்த சந்திப்பிலும் எல்லாரையும் பார்க்கணும்.