சர். பிட்டி. தியாகராய செட்டியார் சரித்திரமும் அவர் பெயர் விளங்கும் இடங்களும்

ஓர் ஊரின் சரித்திரத்தை அறிய விரும்புவோர் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் தேடுவது வழக்கம். அவை கிடையாத இடங்களில் தெருப்பெயர்களும் பேட்டைப்பெயர்களுமே சாஸனங்களாக நின்று உதவுகின்றன. கல்லில் வெட்டிய எழுத்தை மழையும் வெயிலும் தேய்க்கும். நாவில் வழங்கும் பெயரையோ மறதி ஒன்றே தேய்க்க வல்லது. ஆதலால் ஒரு பெயரைக் காப்பாற்ற விரும்புவோர் அப்பெயருக்குரிய வரலாற்றைத் தம் மக்களுக்கு அடிக்கடி எடுத்துச் சொல்லுதல் கடமையாகும். அக்கடமையை முன்னிட்டே, நம் தேவாங்கர் குலத்திற் பிறந்து சென்னை நகரத்துக்கே உரியவராய் விளங்கிய சர். பிட்டி. தியாகராய செட்டியார் அவர்களுடைய சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுந்தோம்.

அப்பெரியார் வாழ்ந்து தொழில் நடத்திய இடம் வடசென்னையைச் சார்ந்த வண்ணாரப்பேட்டைப் பகுதி. அவ்விடத்தின் பெயர்களை முதலில் நோக்குவோம். இராயப்பர் என்று கிறிஸ்தவர் வழங்கும் பேதுரு என்னும் அடியாரின் பெயரால் இராயபுரம் அமைந்தது. தொண்டியிலிருந்து வந்து தங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களைத் தொண்டியார் என்று ஜனங்கள் அழைத்தமையால் தண்டையார்பேட்டை என்ற பெயர் உண்டாயிற்று என்பது வழங்கிவரும் வரலாறு. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோஸப் காலெட் என்பவர் திருவொற்றியூரை அடுத்து நெசவாளரைக் குடியேற்றி ஓர் ஊர் அமைத்தார். காலெட்பேட்டை என்ற அதன் பெயர் ஜனங்கள் வாயில் காலடிப்பேட்டை என்று மாறி இன்றளவும் நிலைத்திருக்கிறது. கறுப்பர் பட்டணத்துக்கு மதில் எழுப்பிய கும்பெனியார், அச்செலவுக்கென்று குடிகள்மீது ஒரு வரி விதிக்க எண்ணினர். வரி வசூலாகவில்லை. மதிலும் பெரும்பாலும் இடிந்து போயிற்று. வால்டாக்ஸ் சாலை என்னும் பெயர் மட்டும் இன்றும் நிற்கிறது. பெயருக்கு உள்ள ஆயுள் எத்தகையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

வண்ணாரப்பேட்டை என்ற பெயரோ ஒரு தொழிலைக் குறித்து எழுந்தது. இங்கிலீஷ் கும்பெனியார் சென்னையிற் கோட்டை கட்டியதற்கு முதற்காரணம் இத்தேசத்துத் துணியே. தறியிலிருந்து இறங்கிய கோராத் துணியை அப்படியே கப்பலேற்ற இயலாது. அதனை வெள்ளாவி வைத்து, வெளுத்து, உலர்த்தி, மடித்துக் கொடுக்கும் தொழிலாளர் பலர் வேண்டியிருந்தனர். அவர்கள் நீரும் வெளியும் கண்டு தங்கிய இடமே வண்ணாரப்பேட்டை. நெய்பவர், சாயமிடுபவர், வெளுப்பவர் ஆகிய இவர்களுடைய உழைப்பின்மேலன்றோ இப்பட்டணம் எழுந்தது! கவர்னர்களின் பெயர்களையும் வர்த்தகர்களின் பெயர்களையும் தாங்கிய தெருக்கள் பல இருப்பினும், கைத்தொழிலாளரின் பெயரை ஒரு பெரும் பகுதியே தாங்கி நிற்பது வண்ணாரப்பேட்டைக்கு உள்ள பெருமையாம்.

இத்தகைய துணித்தொழிற் சூழலுக்கு உரியவரான நம் தியாகராயர் 1852-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 27-ஆம் நாள் பிறந்தார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட தேவாங்கர் குடும்பம் அவருடையது, செல்வமும் வாய்ந்தது. அக்காலத்தில் தறி பிடிக்கும் குடும்பங்களில் இங்கிலீஷ் கல்வியை நாடினோர் மிகச் சிலரே. பாவும் ஊடையும் சோறு போடும்போது பட்டம் எதற்கு என்று எண்ணியிருந்த காலம் அது. அவரோ சென்னை இராஜதானிக் கலாசாலையிற் பயின்று 1876-ஆம் ஆண்டில் பி. ஏ. பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றவர் சர்க்கார் உத்தியோகத்தைத் தேடுவதே அக்கால வழக்கம். தியாகராயர் அவ்வழியிற் செல்லாது குலத்தொழிலாகிய நெசவையும் வர்த்தகத்தையும் கைக்கொண்டார். நூறளவான தறிகள் அவரிடத்தில் இயங்கின. யந்திர ஆலைகளின் துணி மலிவாக வந்து குவிந்து, கைத்தறி நெய்வோர் பலர் தொழிலைவிட்டு விலகிய காலத்தில், ஒரு பட்டதாரி தறியோடு நின்றமை நம்மவர்க்குப் பெருந் துணிவை அளித்தது. 1909-ஆம் ஆண்டில் தென்னிந்திய வர்த்தக சங்கம் தோன்றியபோது அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவராக இருந்து, பின்னர் அதன் தலைமைப் பதவியையும் பல ஆண்டுகள் வகித்தார். கல்வி தொழிலைத் துறப்பதற்கன்று, தொழிலை உயர்த்துவதற்கே என்பதை அவர் தம் வாழ்க்கையாற் காட்டினார்.

1882-ஆம் ஆண்டில் அவர் சென்னை நகர பரிபாலன சபையின் அங்கத்தினரானார். அது முதல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அச்சபையில் இடைவிடாது உழைத்தார். குடிநீர், சாக்கடை, விளக்கு, பாதை, பள்ளிக்கூடம் ஆகிய இவற்றைப்பற்றிய விவகாரங்களில் கைதட்டலும் புகழும் கிடைப்பது அரிது. வசவு கிடைப்பது எளிது. அத்தகைய வேலையில் ஒருவர் நாற்பது ஆண்டுகள் சலியாது நிற்பது எளிய காரியமன்று. 1910 முதல் 1912 வரை சென்னைச் சட்டசபையிலும் அங்கத்தினராக இருந்தார். எத்துணை உயர்ந்த சபையாயினும் வெண்ணிற வேட்டியும் அங்கியும் தலைப்பாகையுமே அவருடைய உடை. அதுபற்றி வெள்ளுடை வேந்தர் என்ற சிறப்புப் பெயர் அவருக்கு அமைந்தது. வெள்ளைத் துணியை உலகுக்கு அளித்த பேட்டையைச் சார்ந்தவருக்கு இதனினும் பொருத்தமான பட்டம் வேறொன்று உண்டோ?

அக்காலத்தில் நகர சபையிலே டாக்டர் டி. எம். நாயர் என்ற மற்றொரு பேரறிஞரும் இருந்தார். இருவரும் பல விஷயங்களில் மாறுபட்டு எதிரெதிரே நின்றவர்கள். ஆயினும் பொதுநலம் வேண்டியபோது அவ்விரோதம் தடையாகவில்லை. டாக்டர் சி. நடேச முதலியார் அவர்களின் முயற்சியால் இவ்விருவரும் ஒன்றுபட்டனர். 1916-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சென்னையிற் கூடிய கூட்டத்தின் பயனாகத் தென்னிந்திய மக்கள் சங்கம் உண்டாயிற்று. அடுத்த மாதத்தில் தியாகராயர் கையொப்பத்துடன் பிராமணரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. ஜனத்தொகையில் மிகுந்தவர்கள் கல்வியிலும் உத்தியோகத்திலும் பின்தங்கி நிற்பதை அது கணக்கோடு எடுத்துக் காட்டிற்று. 1917-இல் ஜஸ்டிஸ் என்ற இங்கிலீஷ் தினசரி தொடங்கப்பட்டது. அப்பத்திரிகையின் பெயரே கட்சிக்கும் வழங்கலாயிற்று. டாக்டர் நாயர் 1919-ஆம் ஆண்டில் லண்டனிற் காலமானார். அதன்பின் அப்பாரம் முழுவதும் தியாகராயர் தோளின்மேல் விழுந்தது. அவருக்கு அப்போது வயது அறுபத்தேழு.

1920-ஆம் ஆண்டின் முடிவில் நடந்த தேர்தலில் ஜஸ்டிஸ் கட்சி வெற்றி பெற்றது. மந்திரிசபை அமைக்குமாறு கவர்னர் வில்லிங்டன் பிரபு தியாகராயரையே அழைத்தார். சென்னை இராஜதானியின் முதல் மந்திரி என்னும் பதவி அவர் கைக்கு எட்டியிருந்தது. அதனை அவர் ஏற்கவில்லை. கட்சித் தலைமையோடு நின்று, அப்பதவியைக் கடலூர் ஏ. சுப்பராயலு ரெட்டியார் அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். பதவிக்காக உறவும் நட்பும் பகையாவதைக் கண்டிருக்கும் நமக்கு, வலிய வந்ததை வேண்டாமென்ற இச்செய்கை எத்துணை அரியது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இக்கட்சிக்குக் குறைகளே இல்லையென்று கூறுதல் உண்மையாகாது. ஆதிதிராவிடர் தலைவராகிய எம். சி. ராஜா அவர்கள் தம் மக்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்று மனம் வருந்தி 1923-இல் அதனைவிட்டு விலகினார். பெரியோர் சரித்திரத்தைப் படிப்போர் இதனையும் மறவாது நினைவிற் கொள்ளுதல் நலம்.

மந்திரி பதவியை மறுத்த அவர் நகர சபையின் தலைமையை மறுக்கவில்லை. அரசாங்க உத்தியோகஸ்தரல்லாத முதல் தலைவராக அச்சபையில் வீற்றிருந்த காலத்தில் அவர் செய்த ஒரு காரியம், மற்றவற்றையெல்லாம் மறந்தாலும் நாம் மறக்கலாகாதது. நகர சபைப் பள்ளிக்கூடங்களிற் பிள்ளைகள் சேர்வதும் சில நாளில் நின்றுவிடுவதுமாக இருந்தது. வறுமையே அதற்குக் காரணம். வயிற்றிற் பசியை வைத்துக்கொண்டு பலகையில் எழுத்தைப் பார்க்கும் குழந்தைக்கு எழுத்துத் தெரியுமோ? 1920-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஆயிரம்விளக்குப் பகுதியிலிருந்த நகர சபைப் பள்ளிக்கூடத்து மாணவர்களுக்குச் சிற்றுண்டி அளிப்பதென்று அவர் தலைமையிற் சபையார் தீர்மானித்தனர். ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமற் செலவிடலாம் என்பது ஏற்பாடு. பின்னர் வேறு நான்கு பள்ளிக்கூடங்களுக்கும் இது விரிந்தது. 1922-23-ஆம் ஆண்டில் அவ்வைந்து பள்ளிக்கூடங்களிலும் 811 பிள்ளைகள் பயின்றனர். 1924-25-ஆம் ஆண்டில் அத்தொகை 1,671 ஆயிற்று. ஓரணாச் செலவு இரண்டே ஆண்டுகளில் பிள்ளைகளின் தொகையை இரட்டித்தது.

ஆனால் ஆரம்பக் கல்விக்குரிய நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடலாகாது என்று அரசாங்கத்தார் தடுத்துவிட்டனர். 1925-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் தேதியில் அவ்வேற்பாடு நின்றது. அதே மாதம் 28-ஆம் நாள், எழுபத்து மூன்றாவது வயது நிரம்பிய மறுநாளில், தியாகராயர் இவ்வுலக வாழ்வை நீத்தார். தாம் தொடங்கிவைத்த அன்னம் நிறுத்தப்பட்ட மாதத்திலேயே அவர் மறைந்தார் என்பதை எண்ணுகையில் மனம் கசிகின்றது.

எனினும் நல்விதை வீண்போகவில்லை. இரண்டாண்டு முயற்சிக்குப் பின் 1927-இல் 25 பள்ளிக்கூடங்களில் ஆயிரம் ஏழை மாணவர்க்கு உணவளிக்க நகர சபைக்கு அனுமதி கிடைத்தது. 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு நாடெங்கும் பரவியது. 1982-இல் எம். ஜி. இராமச்சந்திரன் அவர்கள் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளிற் காலை உணவும் வந்தது. ஆயிரம்விளக்கில் ஏற்றிய விளக்கு ஒரு நூற்றாண்டு கடந்தும் அவியாது எரிகின்றது.

இனி அவருடைய பெயர் விளங்கும் இடங்களைக் கூறுவோம். 1920-ஆம் ஆண்டை அடுத்து, மாம்பலத்து நெடிய ஏரியின் பகுதியைத் தூர்த்து ஒரு புதிய குடியிருப்பை அமைக்கத் தொடங்கினர். அதற்குத் தியாகராய நகர் என்று பெயரிட்டனர். அந்நகரின் தெருக்களிற் பல ஜஸ்டிஸ் கட்சியின் சரித்திரத்தையே கூறுவனவாகும். நடுவிலிருப்பது பனகல் அரசர் பெயரால் அமைந்த பூங்கா. டாக்டர் நடேச முதலியார் நினைவாக நடேசன் பூங்கா உள்ளது. டாக்டர் நாயர் சாலையும், முகம்மது உஸ்மான் அவர்கள் பெயர் தாங்கிய உஸ்மான் சாலையும், கோபதி நாராயணசாமி செட்டியார் பெயரிலமைந்த ஜி. என். செட்டி சாலையும் உள. நகர சபையில் எதிரெதிரே நின்ற தியாகராயரும் நாயரும் தெருப்பெயர்களில் அண்டை வீட்டாராக அமர்ந்திருக்கின்றனர்.

ஆனால் அங்கே கடைக்குச் செல்லும் ஜனங்கள் தியாகராய நகரைத் தி. நகர் என்று ஓரெழுத்தாற் சுருக்கிவிட்டனர். தியாகராயர் சாலையிலுள்ள கடைத்தெரு, சௌந்தரபாண்டியனார் பெயரால் அமைந்தது. அதுவும் பாண்டி பஜார் என்றாகி, சாலையின் பெயரையே மறைத்துவிட்டது. இவ்வாறு இரு பெரியோர் பெயர்களும் ஒரே தெருவில் மறைந்து கிடக்கின்றன. அங்கே பட்டுப்புடவை வாங்கி வருவோருள் எத்தனைபேர், அவ்வூர் ஒரு நெசவாளர் குலத்துப் பெரியாரின் பெயரைத் தாங்குவது என்று அறிவர்? நம் குடும்பத்துப் பெண்மக்களும் பிள்ளைகளும் கூட அறியாதிருப்பின் அது யாருடைய குற்றம்?

அவர் வாழ்ந்த பகுதியோ அவரை இன்னும் முழுப்பெயரால் அழைக்கின்றது. பழைய வண்ணாரப்பேட்டையில் 1950-ஆம் ஆண்டில் அவர் பெயராற் கல்லூரி எழுந்தது. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபோது, அக்கல்லூரியின் பெயரால் ஒரு நிலையமும் திறக்கப்பட்டது. வண்ணாரப்பேட்டை நிலையத்தை விட்டுப் புறப்படும் வண்டி அடுத்து நிற்பது அங்கேதான். தொழிலின் பெயரும் தொழிலிற் பிறந்த பெரியாரின் பெயரும் அங்ஙனம் அடுத்தடுத்து நிற்கின்றன.

சங்கத்தைச் சார்ந்த சகோதரர்களே! தெருப்பெயர்களிலிருந்து சாதிப்பட்டங்களை நீக்க வேண்டுமென்று 1970-களின் இறுதியில் அரசாங்கம் ஆணையிட்டது. அதுபற்றி வருந்தியோரும் உண்டு. நம் தியாகராயருக்கு அதனால் ஒரு குறையும் நேரவில்லை. நகரத்தார் அவர் பெயரை வழங்கியபோதே செட்டியார் என்ற பட்டத்தைச் சேர்க்காமல் தியாகராயர் என்றே வழங்கினர். தம் குலத்தாருக்கு மட்டும் உழைத்தவர்க்கு அக்குலத்தார் மட்டுமே பெயரிடுவர். பசித்த பிள்ளையின் குலத்தை வினவாது உணவளித்தவர்க்கு ஊரே பெயரிடும். நாம் அவரைக் கொண்டாடுவதற்குரிய வழியும் அதுவே. நம் பிள்ளைகள் வண்ணாரப்பேட்டை வழியே செல்லும்போதும் தியாகராய நகருக்குச் செல்லும்போதும் அப்பெயரை முழுவதும் உச்சரிக்கக் கற்பிப்போமாக. அதனோடு, படிக்க வசதியற்ற ஒரு பிள்ளைக்கேனும், எக்குலத்தவனாயினும், ஒவ்வொரு குடும்பத்தாரும் ஓராண்டுச் செலவை ஏற்போமாக. கற்பலகையிலுள்ள பெயருக்கு அப்போதுதான் உயிர் உண்டாகும்.